ரயில் வராத பிளாட்பாரம்

எஸ்டோனியாவின் தலைநகர் டாலினிலிருந்து ஹாப்சலுவுக்குப் போகும் பஸ், ஒரு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும். போன ஆகஸ்டில் அம்மாவை முதன்முறையாக அங்கே அழைத்துப் போனேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "இனிமே ரயிலாடி?" என்றாள். இல்லைம்மா, ஊர் வந்தாச்சு என்றேன். ஸ்டேஷனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ இது யாருக்கு?"

எஸ்டோனியாவுக்கு வேலைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஹாப்சலுவுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று எண்ணவில்லை. தலைநகரிலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டர், கடலோரத்தில், பத்தாயிரம் பேர்கூட நிறையாத ஒரு சின்ன ஊர். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று பிடித்து இழுக்கும், என்ன என்று தெரியாது. அம்மா கேட்ட பிறகுதான் தெரிந்தது. இந்த ஊரில் ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் அதே கேள்வியைக் கேட்கலாம். யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் வரவில்லை, அல்லது வந்துவிட்டுப் போய்விட்டார்கள். கட்டடம் மட்டும் நிற்கிறது. அதை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.

சரி, ஸ்டேஷன் யாருக்கு? ரஷ்யப் பேரரசருக்கு. எஸ்டோனியா ஜார் ஆட்சியில் இருந்த காலம் அது. 1905-இல் இந்த ஊருக்கு ரயில் பாதை வந்தது. 1907-இல் ஸ்டேஷன் கட்டி முடிந்தது. கார்ல் வெர்ஹெய்ம் என்பவர் வரைந்த திட்டம். முழுக்க மர வேலைப்பாடு. ஒரு பக்கம் சாதாரணப் பயணிகளுக்கான கட்டடம், இன்னொரு பக்கம் அரச குடும்பத்துக்கென்று தனி மண்டபம். இரண்டையும் இணைத்துக்கொண்டு 216 மீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட பிளாட்பாரம். பேரரசரும் அவரோடு வரும் பரிவாரமும் எந்தப் பெட்டியிலிருந்து இறங்கினாலும் தலையில் ஒரு சொட்டு மழை விழக்கூடாது என்பதற்காக அந்த நீளம் என்று சொல்வார்கள். தூண்களின் உச்சியில் செதுக்கியிருக்கும் மரத்தைத் தலை நிமிர்த்திப் பார்த்தால், சின்ன ஊரின் ஸ்டேஷன் என்ற நினைப்பே போய்விடும்.

1995-இல் பயணிகள் ரயில் நின்றது. 2004-இல் தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். காட்சிக்கு நிற்கும் பழைய எஞ்சின்களுக்கு அடியில் மட்டும் கொஞ்சம் தண்டவாளம் மிச்சம் இருக்கிறது. ரயில் போன தடத்தில் இப்போது சைக்கிள் பாதை. அரசருக்கான மண்டபத்தில் ரயில்வே அருங்காட்சியகம். ஊர் பஸ் நிலையமும் இங்கேயேதான். ரயில் போன பின்னால் இதை அப்படியே விட்டிருந்தால், மரக் கட்டடம், பால்டிக் கடல் ஈரம், சில வருடங்களில் மக்கிப் போயிருக்கும். விடவில்லை. மரத்தை மாற்றி, வண்ணம் பூசி, பிளாட்பாரத்தைப் பெருக்கி வைத்திருக்கிறார்கள். வராத ரயிலுக்காக இவ்வளவு சுத்தமாக ஒரு பிளாட்பாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பேரரசருக்கு இந்தச் சின்ன ஊரில் என்ன வேலை? சேறுதான் காரணம். ஹாப்சலு இருக்கும் விரிகுடா ஆழம் குறைந்தது. அடியில் கரிய, வழவழப்பான கடல்சேறு படிந்திருக்கிறது. உள்ளூர் ஜனங்கள் அதை மூட்டு வலிக்குப் பூசிக்கொள்வதை ஊர் மருத்துவர் கார்ல் ஆப்ரகாம் ஹுன்னியுஸ் கவனித்தார். பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடவில்லை. தானே முயன்று பார்த்து, 1825-இல் முதல் சேற்றுக் குளியல் இல்லத்தைத் தொடங்கிவைத்தார். அப்புறம் அன்றைய ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பணக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள், பின்னாலேயே அரச குடும்பத்தினரும். மீன்பிடி ஊர், கோடை வாசஸ்தலம் ஆகிவிட்டது. கடலோரம் நடக்கும் பாதையில் ஹுன்னியுஸுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜனங்களின் கைவைத்தியத்தை நம்பிய ஒரு மருத்துவருக்கு ஒரு ஊர் வைத்த மரியாதை அது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பத்து வருடமாக. தங்கிய விடுதியிலேயே சேற்றுப் பத்து போடுகிறார்கள் என்றதும் யோசிக்காமல் சரி என்றாள். சூடான சேற்றைக் காலில் அப்பி, துணியால் சுற்றி, கால் மணி நேரத்துக்கு மேல் படுக்கவைத்தார்கள். வெளியே வந்து, "கிணறு தூர் வாரினா வரும் பாரு, அதே வாசனை," என்றாள். வலி குறைந்ததா என்று கேட்டதற்கு, "சூடு நல்லா எறங்குது," என்றாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

சேற்றுக்கு முன்பு இந்த ஊருக்கு வேறொரு எஜமானர் இருந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில், எஸ்டோனியாவின் மேற்குக் கரையையும் தீவுகளையும் ஆண்டது ஒரு பிஷப். ஆண்டார் என்றால் வரி, படை, நீதி எல்லாம் அவர் கையில். ஜெர்மன் மொழி பேசிய, வாளோடு வந்த திருச்சபை அது. பழைய பர்னு என்ற ஊரில் இருந்த பேராலயத்தை 1263-இல் லித்துவேனியப் படை எரித்துவிட, பிஷப் தன் இருக்கையை ஹாப்சலுவுக்கு மாற்றினார். 1279-இல் ஊருக்கு நகர உரிமை கிடைத்தது. கோட்டையும் அதற்குள்ளே பேராலயமும் எழுந்தன. கோட்டையைச் சுற்றி 803 மீட்டர் மதில்.

சுண்ணாம்புக்கல் மதில் அது. ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் புல்லும் சின்னச் செடியும் முளைத்திருக்கும். உள்ளே நுழைந்தால் முதலில் காதில் விழுவது குழந்தைகள் சத்தம். பழைய அகழிப் பக்கத்தில் குழந்தைகள் விளையாட இடம் செய்திருக்கிறார்கள். முற்றத்தில் கச்சேரி மேடை. காவல் கோபுரத்தில் ஏறலாம். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் ஊரின் மூன்று பக்கமும் தண்ணீர் தெரியும். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை 2019-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். இடிந்த சுவரை இடிந்தபடியே விட்டு, அதோடு ஒட்டாமல் புதிய நடைபாதையும் கூரையும் போட்டிருக்கிறார்கள். எது அறுநூறு வருடத்துக் கல், எது நேற்று வைத்தது என்று பார்த்தவுடனே தெரியும். பழையதுபோலப் புதுசைக் கட்டி ஒட்டவைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு நேர்மையானது என்பது என் எண்ணம்.

கோட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினாறாம் நூற்றாண்டின் லிவோனியப் போரில் அது டேனியர், சுவீடியர், ரஷ்யர் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. அப்போதிருந்த பிஷப் தன் மறைமாவட்டத்தையே 1559-இல் டென்மார்க் அரசருக்கு விற்றுவிட்டார். 1625-இல் சுவீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப், ஊரையும் கோட்டையையும் சேர்த்து யாக்கோப் தெ லா கார்டி என்ற தளபதிக்கு விற்றார். அவர் இதை அரண்மனையாக மாற்ற ஆசைப்பட்டார். அந்த அரண்மனை உருவாகவே இல்லை. 1688-இல் தீ விபத்தில் பேராலயத்தின் செப்புக் கூரை போயிற்று. திரும்பப் போட்ட கூரையை 1726-இல் புயல் கொண்டுபோனது. அதற்கப்புறம் ஊர் ஜனங்களிடம் காசு இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பேராலயம் திறந்த வானத்தின் கீழ் கிடந்தது.

அந்த நிலையில்தான் அதைப் பார்த்தார் ஓர் இளைஞர். 1867 கோடையில் இங்கே தங்கியிருந்த ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி. வயது 27. அவருடைய ஆரம்பகாலப் பியானோ தொகுப்பு ஒன்று இந்த ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது. 'ஹாப்சலு நினைவுகள்' என்று தமிழில் சொல்லலாம். அதன் முதல் பகுதிக்கு அவர் வைத்த பெயர் 'கோட்டையின் இடிபாடுகள்'. கூரை இல்லாத இந்தச் சுவர்களுக்கு நடுவே காதில் மாட்டிக்கொண்டு அதை ஒரு குளிர்காலத்தில் கேட்டிருக்கிறேன். மெதுவாகத் தொடங்கும். யாரோ இருட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்குவதுபோல இருக்கும். நடுவில் திடீரென்று குதிரைகளும் கொடிகளுமாய் ஒரு ஆரவாரம். மறுபடியும் அதே மெதுவான படிகள். கடலோரத்தில் அவர் நினைவாக டோலமைட் கல்லில் ஒரு பெஞ்சு இருக்கிறது. இதே ஊரில் பிறந்த சிற்பி ரோமன் ஹாவமாகி 1940-இல் செய்தது. பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் கோட்டைக்குள் நின்று கேட்பதுதான் அவரைச் சந்திக்கும் வழி.

1886-இலிருந்து 1889 வரை பேராலயத்துக்கு மறுபடி கூரை போட்டுப் புதுப்பித்தார்கள். சோவியத் ஆட்சியில் வழிபாடு நின்றது. தானியக் கிடங்கானது. நீச்சல்குளமாக மாற்றவும் ஒரு யோசனை இருந்ததாம். இப்போது மீண்டும் தேவாலயம். பக்கக் கூடங்கள் கிடையாது, நடுவில் தூண் கிடையாது, ஒரே கூடம். 425 சதுர மீட்டர் பரப்பு, பதினைந்தரை மீட்டர் உயரம். பால்டிக் நாடுகளில் ஒற்றைக் கூடம் கொண்ட தேவாலயங்களில் இதுதான் பெரியது. உள்ளே நாங்கள் போனபோது யாரோ ஒருவர் ஒரு நாற்காலியை நகர்த்தினார். அந்தச் சின்னச் சத்தம் கூரை வரை போய், அங்கே கொஞ்ச நேரம் தங்கி, அப்புறம்தான் இறங்கியது. அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

பேராலயத்தை ஒட்டி வட்ட வடிவில் ஒரு சின்ன அறை. ஞானஸ்நானம் கொடுக்கும் அறை. ஹாப்சலு என்றாலே எஸ்டோனியர்கள் முதலில் சொல்லும் கதை இங்கேதான் நடக்கிறது.

கோட்டைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லாத காலம். பேராலயத்துக் குருமார்களில் ஒருவருக்கு ஒரு எஸ்டோனியப் பெண்மேல் காதல். அவளுக்குப் பையன் வேடம் போட்டு, பாடகர் குழுவில் சேர்த்து உள்ளே கூட்டிவந்துவிட்டார். கொஞ்ச காலம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் வருகை தந்த பிஷப்புக்கு அந்தக் குரல்மேல் சந்தேகம். குட்டு உடைந்தது. அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த இந்த அறையின் சுவருக்குள் அந்தப் பெண்ணை உயிரோடு வைத்துப் பூசிவிட்டார்கள். அந்தக் குருவைச் சிறையில் பட்டினி போட்டே கொன்றார்கள். ஆகஸ்ட் பவுர்ணமி இரவில் அந்த அறையின் ஜன்னலில் வெள்ளையாக அவள் தெரிவாள். வெள்ளைச் சீமாட்டி என்று பெயர். அந்தச் சமயத்தில் ஊரில் அவள் பெயரில் திருவிழாவும் நடக்கும்.

ஒரு ஜன்னல் வழியாக நுழையும் நிலவு இன்னொரு ஜன்னலில் விழுந்து காட்டும் உருவம் அது என்று விளக்கம் சொல்கிறார்கள். விளக்கம் சரியாகத்தான் இருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிஷப்புகள் முந்நூறு வருடம் இங்கே இருந்தார்கள். ஊரில் எத்தனை பேருக்கு அவர்களில் ஒருவர் பெயராவது தெரியும்? சுவருக்குள் போன பெயர் தெரியாத பெண்ணை எல்லோருக்கும் தெரியும். எஸ்டோனியர்கள் தங்கள் சொந்த மண்ணில் எழுநூறு வருடம் அடுத்தவன் கோட்டைக்கு வெளியே நின்றவர்கள். உள்ளே போன ஒருத்தியை அவர்கள் மறக்கவில்லை.

அதே அறையில் 1992-இல் தாய்மார்களுக்கென்று ஒரு பீடம் வைத்தார்கள். குழந்தையோடு ஒரு பெண். 1941-லும் 1949-லும் சோவியத் ஆட்சி குடும்பம் குடும்பமாகச் சரக்கு ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பியது. அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். கதையில் ஒருத்தி, நிஜத்தில் ஆயிரக்கணக்கில், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வட்ட அறை. இதை அம்மாவுக்குச் சொல்லும்போது எனக்குக் குரல் கட்டிக்கொண்டது.

இரவு முற்றத்தில் கூட்டத்தோடு நின்றோம். ஒன்பது மணிக்குப் பிறகுதான் நன்றாக இருட்டியது. மேகம் விலகி விலகி மூடியது. ஒரு தடவை விலகியபோது ஜன்னலில் வெளுப்பாக ஏதோ நீளவாக்கில் விழுந்தது. கூட்டம் ஒன்றும் பேசவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், எந்த வீட்டுப் பொண்ணோ," என்றாள்.

மறுநாள் நாங்கள் அதிக நேரம் செலவழித்தது எந்தப் புராதனக் கட்டடத்திலும் இல்லை. சால்வை பின்னுவதைக் காட்டும் ஒரு இடத்தில். அம்மா குரோஷா போடுவாள். எங்கள் வீட்டில் டிவி மேல் கிடக்கும் விரிப்பெல்லாம் அவள் கை. ஹாப்சலு சால்வையைக் கையில் எடுத்ததும் கண்ணாடியை மாற்றிக்கொண்டாள். மெல்லிய கம்பளி நூல். ஒரு ஆள் முழுதாகப் போர்த்திக்கொள்ளும் சால்வையைக் கல்யாண மோதிரத்துக்குள் விட்டு இழுத்துவிடலாம். அதுதான் பழைய பரீட்சை. நடுப்பகுதியைத் தனியாகவும், ஓரத்துச் சரிகையைத் தனியாகவும் பின்னி, கையால் தைத்துச் சேர்க்கிறார்கள். அப்புறம் நனைத்து, சட்டத்தில் இழுத்துக் குத்திக் காயவைத்தால் பூ வேலை விரிந்து வருகிறது.

அதில் 'நுப்' என்று சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். ஒரே கண்ணியில் ஐந்தோ ஏழோ கண்ணிகளைத் தளர்வாக எடுத்து, அடுத்த வரிசையில் அத்தனையையும் ஒரே கண்ணியாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். சால்வையில் வரும் பள்ளத்தாக்கு லில்லிப் பூ வேலையின் மணிகளெல்லாம் இந்த நுப்புகள்தான். சால்வையை எடை போட்டு விற்ற காலத்தில், எடை கூட்டுவதற்காகப் பெண்கள் கண்டுபிடித்த வழி என்று ஒரு பேச்சு உண்டு. சேற்றுக் குளியலுக்கு வந்த சீமாட்டிகளுக்கு, கடலோரத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே விற்றவர்கள் அவர்கள். அங்கே பின்னிக்கொண்டிருந்த பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, அம்மாவுக்கு எஸ்டோனிய மொழி தெரியாது. அரை மணி நேரம் இருவரும் ஊசியால் பேசிக்கொண்டார்கள். அம்மா போட்ட முதல் நுப்பைப் பாட்டி பிரித்துவிட்டாள். நான்காவதைப் பார்த்துத் தலையாட்டினாள். நூல் இரண்டு கண்டு வாங்கிக்கொண்டோம்.

நான் சொல்லவந்த கட்டடங்களில் இந்தச் சால்வையையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். கடலோரத்தில் 1898-இல் கட்டிய கூர்சால் என்ற மர மண்டபத்தைப் பாருங்கள். விளிம்பெல்லாம் வெட்டி வெட்டிச் செய்த பூ வேலை. ஸ்டேஷனின் கூரை விளிம்பும் அப்படித்தான். தச்சனும் பின்னுகிறவளும் ஒரே ஊரில் ஒரே கண்ணோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

கூர்சால் முன்னால் தண்ணீருக்குள் ஒரு பனிக்கரடிச் சிலை நிற்கிறது, அதுவும் ஹாவமாகி செய்ததுதான். 1775-இல் கட்டிய நகர மன்றக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். சுவீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் குழந்தைக் கதைகளுக்குப் படம் வரைந்த இலோன் விக்லாந்து இந்த ஊரில் வளர்ந்தவர். 1944-இல், 14 வயதில், படகேறி சுவீடனுக்குத் தப்பிப் போனார். அவர் படங்களுக்கென்று 2009-இலிருந்து ஒரு வீடு இங்கே திறந்திருக்கிறது. சுவீடன் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த படங்களில் ஹாப்சலுவின் தெருக்கள் ஒளிந்திருக்கின்றன.

மத்தியானத்துக்கு மேல் டாக்சி பிடித்து உங்ருவுக்குப் போனோம். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். வெட்டவெளியில் திடீரென்று ஒரு அரண்மனை. கிட்டப் போனால் கூரை இல்லை, ஜன்னல் இல்லை, தரையில் புதர். வளைவு வளைவான முகப்பு மட்டும் கம்பீரமாக நிற்கும். உங்கெர்ன்-ஸ்டெர்ன்பெர்க் வம்சத்துப் பிரபு ஒருவர் 1893-இல் கட்டத் தொடங்கியது. ஜெர்மனியில் மெர்சபுர்க் கோட்டைக்குப் போனவர் அங்கிருந்த பெண்ணை விரும்பினாராம். இதைப்போல ஒரு மாளிகை இருந்தால்தான் வருவேன் என்று அவள் சொன்னாளாம். அச்சு அசலாக அதேபோல இங்கே கட்ட ஆரம்பித்தார். அவள் வரவில்லை, வருமுன்னே இறந்துவிட்டாள் என்பது கதை. கதை எப்படியோ, வேலை முழுதாக முடியவே இல்லை, யாரும் குடியேறவும் இல்லை என்பது உண்மை.

அதைவிட எனக்கு வலிப்பது பின்னால் நடந்தது. பக்கத்திலேயே கில்ட்சி என்ற இடத்தில் சோவியத் போர் விமான தளம். 1968-இல் விமான தளத்தின் பள்ளங்களை நிரப்பக் கல் வேண்டுமென்று இந்த மாளிகையை இடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பகுதியை இடித்த பிறகுதான் தடுத்து நிறுத்த முடிந்தது. இன்று அந்த விமான தளமும் வெறிச்சோடிக் கிடக்கிறது. மண் மூடிய விமானக் கொட்டகைகள் புல்லுக்குள் முதுகு காட்டிக்கொண்டிருக்கின்றன. மாளிகைக் கல் எது, ஓடுபாதைக் கல் எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. அம்மா உள்ளே வரவில்லை. "குடி போகாத வீட்டுக்குள்ள என்னத்துக்கு," என்று வெளியே வேலியோரம் நின்றுகொண்டாள்.

வோர்ம்சி தீவுக்கு இந்த முறை போகவில்லை. முந்தின வருடம் தனியாகப் போயிருந்தேன். ஹாப்சலுவை அடுத்த ரோஹுகுலா துறைமுகத்திலிருந்து கப்பலில் முக்கால் மணி நேரம். பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள் சுவீடிய மொழி பேசிய மீனவர்களும் விவசாயிகளும். இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-இல், ஏறக்குறையத் தீவு முழுவதும் படகேறிப் போய்விட்டது. ஹுல்லோ கிராமத்தில் புனித ஓலாவ் தேவாலயம், கோபுரம் இல்லாத சின்னக் கல் கட்டடம். அதன் கல்லறையில் வட்டத்துக்குள் சிலுவை வைத்துச் செதுக்கிய சுண்ணாம்புக்கற்கள் 300-க்கும் மேல். உலகத்தில் வேறெங்கும் இத்தனை வட்டச் சிலுவைகள் ஓரிடத்தில் இல்லை. சில சாய்ந்து, சில இடுப்பளவு, சிலவற்றில் பாசி. அவற்றின்மேல் உள்ள பெயர்களைச் சொல்லிக் கூப்பிட தீவில் யாரும் மிஞ்சவில்லை. சோவியத் காலத்தில் தேவாலயம் கிடங்காகக் கிடந்தது. 1990-இல், சுவீடனிலிருந்து அந்தத் தீவுக்காரர்கள் திரும்பி வந்து, உள்ளூர் எஸ்டோனியர்களோடு சேர்ந்து அதை மறுபடி திறந்தார்கள். ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் புனித ஓலாவ் நாளுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். நான் போனது செப்டம்பர். ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு கல்லின் அடியில் யாரோ புல்லைச் செதுக்கி, ஹீதர் பூச்செடி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

உங்ருவிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழை சத்தம் போடாது, ஆனால் விடவும் விடாது. பிளாட்பாரத்தில் ஒரு பையன் சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வயதான தம்பதி ஃபிளாஸ்கிலிருந்து ஏதோ ஊற்றிக் குடித்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கிய நூலைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் பையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

பயணிகள் பக்கத்திலிருந்து அரச மண்டபம் வரைக்கும் போனாள். ஒரு கையால் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தூணாகக் கடந்து, நிதானமாக. திரும்பி வந்து, "நானூத்திப் பத்து எட்டு," என்றாள். "ஒரு சொட்டு மேல படலடி." பஸ் வருவதற்குள் இன்னொரு நடை போய்வரலாமா என்று மணி கேட்டாள். போயிட்டு வாம்மா, நேரம் இருக்கு என்றேன்.